178 வருடப் பெயரும் பாதி வழியில் நின்ற பயணிகளும்: தாமஸ் குக் சரிவு பற்றிய நிகழ்வு ஆய்வு

2019 செப்டம்பர் 23, திங்கட்கிழமை அதிகாலை. பிரிட்டனின் தாமஸ் குக் சுற்றுலாக் குழுமம் கலைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. அந்த நேரத்தில் உலகம் முழுக்கச் சுமார் 6 லட்சம் பேர் அந்த நிறுவனம் மூலமாக விடுமுறைக்குப் போயிருந்தார்கள். அவர்களில் 1.5 லட்சத்துக்கும் அதிகமானோர் பிரிட்டனிலிருந்து கிளம்பியவர்கள். 21,000 பேருக்கு வேலை போனது அல்லது ஊசலாடியது. பிரிட்டனில் மட்டும் 9,000 பேர்.

நிறுவனம் ஏன் விழுந்தது என்று ஏற்கெனவே நிறைய பேர் எழுதிவிட்டார்கள். இங்கே பார்க்கப்போவது அதன் வாடிக்கையாளர்களை. ஒரே நிறுவனத்திடம் பணம் கட்டியவர்களில் சிலர் விமான ஊழியர்களுக்காகக் காசு திரட்டினார்கள். சிலர் கடை ஊழியரிடம் சத்தம் போட்டார்கள். இன்னும் சிலர் மாதக்கணக்கில் அரசு அமைப்பைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. அதிகம் இழந்தவர்கள் அமைதியாக இருந்ததும் உண்டு, ஒரு பைசா இழக்காதவர்கள் கொதித்ததும் உண்டு. "அடுத்து என்ன நடக்கும்" என்று நேரத்துக்குச் சொல்ல யாராவது இருந்தார்களா என்பதுதான் பெரும்பாலும் தீர்மானித்தது என்பது என் கணிப்பு. நடந்ததை வரிசையாகப் பார்க்கலாம்.

பின்னணி: பணம் எப்போது வரும், எப்போது போகும்

1841 ஜூலை 5 அன்று, மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ரயிலில் அழைத்துப்போனார் தாமஸ் குக். வியாபாரம் அங்கிருந்து வளர்ந்தது. எகிப்தில் நைல் நதிப் படகுகள், ஐரோப்பியச் சுற்றுலாக்கள் என்று விரிந்து, 1880-களில் இந்தியாவிலிருந்து மெக்காவுக்குப் போகும் ஹஜ் பயணிகளுக்கான ஏற்பாட்டைக்கூட அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசு இந்த நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 1948 முதல் 1972 வரை பிரிட்டிஷ் அரசின் கையில் இருந்தது, பிறகு மறுபடி தனியாரிடம் போனது. 2019-ல் வாடிக்கையாளர்களாக இருந்தவர்களில் பலருக்கு அம்மா அப்பா காலத்திலிருந்தே அதே பெயர், அதே தெருமுனைக் கடை.

2007-ல் மைடிராவல் என்ற நிறுவனத்தோடு இணைந்தது. பிற்பாடு இதுதான் கழுத்தைச் சுற்றிய கயிறானது. 2011-லேயே ஒருமுறை வங்கிகள் கைகொடுத்துத்தான் தப்பியது. கடன் சுமை முழுதாகத் தீரவே இல்லை. 2019-ல் அது சுமார் 170 கோடி பவுண்ட்.

கடன் எவ்வளவு என்பதைவிட, சுற்றுலா வியாபாரத்தில் பணம் எப்படி ஓடுகிறது என்பது வாடிக்கையாளருக்கு முக்கியம். ஜனவரி, பிப்ரவரியில் குளிரில் நடுங்கும் குடும்பம் ஆகஸ்ட் மாத விடுமுறைக்கு முன்பணம் கட்டும். மிச்சத்தைப் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு கட்டும். ஆனால் ஸ்பெயினிலோ துருக்கியிலோ இருக்கும் ஓட்டல்காரருக்கு, விருந்தினர் தங்கிப்போய் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் போகும். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பணத்தில்தான் நிறுவனம் மூச்சுவிடுகிறது. நம் ஊரில் சீட்டுக் கம்பெனி ஓடுகிற மாதிரிதான்: புதுச்சீட்டுப் பணம் வந்துகொண்டிருக்கும்வரை யாருக்கும் ஒன்றும் தெரியாது. கோடைக் கணக்கை ஓட்டல்களுக்குத் தீர்க்க வேண்டிய காலம் செப்டம்பர், அக்டோபர். சுற்றுலா நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் கவிழ்கின்றன என்பது தற்செயல் இல்லை. 2017-ல் பிரிட்டனின் மொனார்க் விமான நிறுவனம் விழுந்தது அக்டோபர் 2-ல்.

மே முதல் செப்டம்பர் வரை: எச்சரிக்கை இருந்தது

2019 மே மாதம் அரையாண்டுக் கணக்கை வெளியிட்டபோது நஷ்டம் 150 கோடி பவுண்ட் என்று வந்தது. அதில் 110 கோடி, அந்தப் பழைய மைடிராவல் இணைப்பின் மதிப்பைக் கணக்கிலிருந்து தள்ளியதால் வந்தது. பங்கு விலை சரிந்தது. செய்திகளில் "தாமஸ் குக் தாக்குப்பிடிக்குமா" என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது.

ஆகஸ்ட்டில், ஏற்கெனவே பெரிய பங்குதாரராக இருந்த சீனாவின் ஃபோசுன் குழுமமும் வங்கிகளும் சேர்ந்து 90 கோடி பவுண்ட் போடுவதாக ஏற்பாடு. செப்டம்பரில் வங்கிகள் இன்னொரு 20 கோடி அவசர நிதியைக் காட்டச் சொன்னதும் அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. நிறுவனம் அரசிடம் 15 கோடி கேட்டது. அரசு மறுத்தது. ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றினால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள் என்பது பிரதமரின் வாதம். அந்தப் பணம் கொடுத்தாலும் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும் என்பது போக்குவரத்து அமைச்சரின் வாதம். கணக்கைப் பார்த்தால் அமைச்சர் சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது.

வாடிக்கையாளர்கள் இந்த மாதங்களில் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் ஒன்றும் செய்யவில்லை. கடைகளில் முன்பதிவு நடந்தது. கவலைப்பட்டுக் கேட்டவர்களுக்கு, விமானங்கள் வழக்கம்போல் பறக்கின்றன, பேக்கேஜ் பயணங்களுக்கு அட்டால் பாதுகாப்பு உண்டு என்றே நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. கடைசி வார இறுதிவரை அதே பதில். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் முழுப் பதிலும் இல்லை. அட்டால் என்பது பிரிட்டனில் 1973 முதல் இருக்கும் உரிமத் திட்டம்: விமானத்தோடு சேர்ந்த பேக்கேஜ் விற்கும் நிறுவனம் ஒவ்வொரு பயணிக்கும் 2.50 பவுண்ட் ஒரு பொது நிதியில் போட வேண்டும். நிறுவனம் கவிழ்ந்தால் அந்த நிதியிலிருந்து ஊருக்குத் திரும்ப வழியும் கட்டிய பணமும் கிடைக்கும். பேக்கேஜ் இல்லாமல் விமான டிக்கெட் மட்டும் வாங்கியவரில் பலருக்கு இது கிடையாது. இந்த வேறுபாடு டிக்கெட் வாங்கும்போது யார் மண்டையிலும் ஏறுவதில்லை. 178 வருடப் பெயர் இருக்கும்போது சின்ன எழுத்தை யார் படிப்பார்கள்?

செப்டம்பர் 21: ஹம்மாமெத் ஓட்டல் வாசல்

நிறுவனம் இன்னும் விழவில்லை. சனிக்கிழமை. துனிசியாவின் ஹம்மாமெத் நகரில் ஒரு ஓட்டலில் பிரிட்டிஷ் விருந்தினர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்பத் தயாராக இருந்தார்கள். ஓட்டல் கேட்டைப் பூட்டிவிட்டது. காவலாளிகள் நின்றார்கள். தாமஸ் குக் எங்களுக்குப் பாக்கி வைத்திருக்கிறது, நீங்கள் கட்டிவிட்டுப் போங்கள் என்றது நிர்வாகம். விருந்தினர்கள் ஏற்கெனவே முழுப்பணமும் கட்டியவர்கள். பிணைக்கைதி மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று வானொலிக்குப் பேசினார் ஒருவர். சிலர் பயந்து அட்டையைத் தேய்த்துப் பெருந்தொகை கட்டினார்கள். கடைசியில் நிறுவனமும் தூதரகமும் தலையிட்டு அனுப்பிவைத்தார்கள்.

இந்தச் சம்பவத்தில் யார் மேல் கோபப்படுவது? அங்கிருந்தவர்கள் ஓட்டல்காரர்மேல் கோபப்பட்டார்கள். கேட்டைப் பூட்டியது தப்புதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஓட்டல்காரருக்கு ஜூலை, ஆகஸ்ட் பணம் வரவில்லை. துனிசிய ஓட்டல்களுக்கு அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் 6 கோடி யூரோ பாக்கி என்று அந்நாட்டுச் சுற்றுலா அமைச்சர் பிறகு சொன்னார். சமையல்காரருக்கும் துணி துவைப்பவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டியவர், தன் கைக்கு எட்டிய ஒரே ஆளைப் பிடித்தார். அந்த ஆள் வாடிக்கையாளர். இருவரும் ஒரே நிறுவனத்திடம் ஏமாந்தவர்கள், ஆனால் அன்றைக்கு எதிரெதிரே நின்றார்கள்.

இதே காட்சி சின்ன அளவில் வேறு நாடுகளிலும் அடுத்த சில நாள்களில் நடந்தது. வரவேற்பு மேஜையில் அறைச் சாவி வேலை செய்யாமல் போனது, காலை உணவுக்கு முன் பணம் கேட்டது என்று புகார்கள்.

செப்டம்பர் 23: அதிகாலை

ஞாயிறு முழுக்க லண்டனில் பேச்சுவார்த்தை. இரவில் கைவிட்டார்கள். அதிகாலை இரண்டு மணி வாக்கில் அறிவிப்பு. அந்த நேரத்தில் தாமஸ் குக் விமானங்கள் சில அட்லாண்டிக் மேலே பறந்துகொண்டிருந்தன. அமெரிக்காவின் ஆர்லாண்டோவிலிருந்து கிளம்பிய விமானம் காலையில் மான்செஸ்டரில் இறங்கியது. அதுதான் அந்த நிறுவனத்தின் கடைசி விமானம். கிளம்பும்போது வேலையில் இருந்த ஊழியர்கள் இறங்கும்போது வேலையில் இல்லை.

கடைசி நாள்களின் விமானங்களில் வாடிக்கையாளர்கள் நடந்துகொண்ட விதம் பலரை ஆச்சரியப்படுத்தியது. ஒரு விமானத்தில் பயணிகளே இருக்கை இருக்கையாகப் போய் ஊழியர்களுக்காகப் பணம் சேர்த்தார்கள். இறங்கும்போது கட்டிப்பிடித்து அழுதவர்கள் இருந்தார்கள். இந்த மாதிரி செய்திகளைப் படித்ததும் "நல்ல மனுஷங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. நான் வேறு ஒன்றைக் கவனிக்கிறேன். இந்தப் பயணிகள் வீடு வந்து சேர்ந்துவிட்டவர்கள் அல்லது சேரப்போவது உறுதியானவர்கள். அவர்களுக்குத் தெரியாதது எதுவும் மிச்சமில்லை. எதிரே நிற்கும் பணிப்பெண்ணுக்குத்தான் எதிர்காலம் தெரியவில்லை. இரக்கத்துக்கு இடம் வந்தது அங்கேதான்.

மறுபக்கம், அன்று காலை மான்செஸ்டர், காட்விக் விமான நிலையங்களுக்குப் பெட்டியோடு வந்தவர்களும் இருந்தார்கள். செய்தி பார்க்காமல் கிளம்பியவர்கள், பார்த்தும் நம்பாமல் வந்து பார்ப்போம் என்று வந்தவர்கள். கவுண்டர்கள் மூடியிருந்தன. வெளிநாட்டில் திருமணம் ஏற்பாடு செய்து, உறவினர்களைத் தனித்தனியே முன்பதிவு செய்ய வைத்திருந்த ஜோடிகளின் நிலைதான் மிக மோசம். அவர்களுக்குப் பணம் திரும்பும், ஆனால் தேதியும் மண்டபமும் திரும்பாது. எந்தத் திட்டத்திலும் அதற்கு இடம் கிடையாது.

அடுத்த சில மணிநேரத்தில் இன்னொரு கோபம் கிளம்பியது. மாற்று டிக்கெட் தேடியவர்கள் மற்ற விமான நிறுவனங்களின் கட்டணம் பல மடங்கு ஏறியிருப்பதைப் பார்த்தார்கள். தேவைக்கேற்பக் கணினி தானாக ஏற்றுகிறது என்று அந்த நிறுவனங்கள் விளக்கம் சொன்னன. அந்த விளக்கம் யாருக்கும் உவப்பாக இல்லை. அன்றைய தினத்தில் வாடிக்கையாளர் கோபத்தில் கணிசமான பங்கு தாமஸ் குக் மேல் அல்ல, இந்தப் போட்டி நிறுவனங்கள் மேல்தான் விழுந்தது.

அடுத்த இரண்டு வாரம்: திருப்பி அழைத்து வருதல்

அரசு ஒரு முக்கிய முடிவு எடுத்தது. அட்டால் பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல், அக்டோபர் 6 வரை திரும்ப வேண்டிய எல்லோரையும் இலவசமாக அழைத்து வருவது. இதற்கு மேட்டர்ஹார்ன் நடவடிக்கை என்று பெயர். பொறுப்பு சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு. காரணம் கருணை மட்டும் இல்லை. சந்தையில் அவ்வளவு காலி இருக்கைகள் இல்லை. டிக்கெட் மட்டும் வாங்கியவர்களை அங்கேயே விட்டிருந்தால் தூதரகங்களுக்கு முன்னால் கூட்டம் கூடியிருக்கும். மொனார்க் விழுந்தபோது சுமார் 85,000 பேரை அழைத்து வந்த அனுபவமும் இருந்தது.

ஏற்பாடு நிறுவனம் விழும் முன்பே ரகசியமாகத் தொடங்கிவிட்டது. பல நாடுகளிலிருந்து விமானங்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. மலேசியா ஏர்லைன்ஸின் இரண்டு மாடி ஏ380 கூட வந்தது. முதல் நாளில் மட்டும் 64 விமானங்களில் 14,700 பேர் திரும்பினார்கள். மொத்தம் இரண்டு வாரத்தில் 746 விமானங்கள், 1.4 லட்சத்துக்கும் அதிகமானோர். அமைதிக்காலத்தில் பிரிட்டன் நடத்திய மிகப் பெரிய திருப்பி அழைத்தல் இது.

வாடிக்கையாளர்களிடம் சொல்லப்பட்ட செய்தி சுருக்கமானது: விடுமுறையைப் பாதியில் முடிக்காதீர்கள், உங்கள் தேதி வரும்வரை இருங்கள், விமானம் உறுதியாகும் முன் விமான நிலையத்துக்கு வராதீர்கள். ஓட்டல்களுக்குத் தனியாக உறுதிக் கடிதங்கள் போயின, பேக்கேஜ் விருந்தினர்களின் செலவை ஆணையம் ஏற்கும் என்று. விமான நிலையங்களில் பளிச்சென்ற மேல்சட்டை போட்ட அரசு ஊழியர்கள் நின்றார்கள்.

சிரமம் இல்லாமல் இல்லை. வரிசையில் மணிக்கணக்கில் நின்றவர்கள் உண்டு. கிளாஸ்கோவுக்கு டிக்கெட் வாங்கியவர் மான்செஸ்டரில் இறங்கி இரவில் பேருந்தில் போக வேண்டியிருந்த மாதிரியான சங்கடங்கள் இருந்தன. ஆனாலும் இந்த இரண்டு வாரத்தில் வந்த எதிர்வினைகளில் நன்றிதான் மேலோங்கியது. மேல்சட்டை போட்ட ஒருவர் எதிரே நின்று, "உங்கள் விமானம் இத்தனை மணிக்கு, இந்த வாசல்" என்று சொன்னார். தாமதம் ஆனாலும் எவ்வளவு என்று தெரிந்தது. ஹம்மாமெத் வாசலில் இல்லாமல் போனது இதுதான்.

கடை வாசலில்

பிரிட்டனின் பல ஊர்களில் தாமஸ் குக் கடை இருந்தது. திங்கட்கிழமை காலை கதவில் அறிவிப்புத் தாளை ஒட்டியவர்கள், முந்தின நாள்வரை உள்ளே இருந்து விற்றவர்கள்தான். அந்த மாதச் சம்பளம் வராது என்று அவர்களுக்கும் அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் பலர் வேலை போன பிறகும் வீட்டிலிருந்தே பழைய வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, அட்டால் சான்றிதழ் எங்கே இருக்கும், எந்தப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். பூவும் கேக்கும் கொண்டுவந்து கொடுத்த வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். சத்தம் போட்டவர்களும் இருந்தார்கள், ஆனால் பெயர் தெரிந்து பழகிய கடைகளில் அது குறைவு.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. ஊழியர்கள் கடைசிவரை நம்பிக்கையோடு விற்றார்கள், அவர்களுக்கு உண்மை தெரிவிக்கப்படவில்லை. வாடிக்கையாளர் அவர்களை நம்பித்தான் பணம் கட்டினார். எனவே வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய தகவல், அவருக்கு மிகவும் நெருக்கமான ஆளிடமே இல்லாமல் இருந்தது. மேலே இருப்பவர்கள் பணம் கேட்டு அலைந்துகொண்டிருந்தபோது கீழே இருப்பவர்கள் அடுத்த கோடைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

பணம் திரும்பக் கேட்டவர்கள்

அக்டோபர் 7. கடைசி மீட்பு விமானம் வந்த பிறகு ஆணையம் பணம் திருப்பித்தரும் இணையப் படிவத்தைத் திறந்தது. இன்னும் கிளம்பாத முன்பதிவுகள் சுமார் 3.6 லட்சம், அதில் அடங்கிய ஆட்கள் 8 லட்சம். இதற்கு முன் நடந்த எந்தப் பணம் திருப்பும் வேலையையும்விட மூன்று மடங்கு பெரியது.

படிவம் அன்றைக்கே திணறியது. பக்கம் திறக்கவில்லை, பாதியில் நின்றது. ஆணையம் பொறுமை கேட்டது. ஒவ்வொரு வாரமும் கோபம் ஏறியது. மாதத் தவணையாக வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகக் கட்டியவர்களுக்கு முதலில் பணம் போனது. அவர்கள் விவரம் ஏற்கெனவே தயாராக இருந்தது என்பதால் அந்த முடிவு. மற்றவர்களுக்கு, சரியான விண்ணப்பம் வந்து 60 நாளுக்குள் தருவதாக உறுதி. பல ஆயிரம் பேருக்கு அந்தக் கெடு தாண்டிப்போனது. பணம் கிடைத்தால்தான் வேறு விடுமுறை பதிய முடியும் என்ற குடும்பங்கள் கிறிஸ்துமஸ் வரை காத்திருந்தன.

தாமதத்துக்கு ஒரு காரணம் சாதாரணமானது. முன்பதிவுத் தகவல் பல பழைய கணினி அமைப்புகளில் சிதறிக் கிடந்தது, நிறுவனமே கலைக்கப்பட்டதால் அதை விளக்கிச் சொல்லவும் ஆள் இல்லை. அதனால் ஆணையம் வாடிக்கையாளரிடமே எல்லாவற்றையும் மறுபடி கேட்டது: ரசீது, சான்றிதழ், வங்கி விவரம், உடன் வருபவர் பெயர். கேட்டதைக் கொடுத்தவரிடமே மறுபடி கேட்டதும் உண்டு. நிறுவனம் செய்த தப்புக்கு நான் ஏன் நிரூபிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான்.

இங்கேதான் எதிர்வினையின் திசை மாறியது. செப்டம்பரில் ஆணையத்தைப் புகழ்ந்தவர்கள் நவம்பரில் அதையே திட்டினார்கள். பணத்தைக் கரைத்தது தாமஸ் குக், திருப்பித்தருவது ஆணையம். ஆனால் வசை விழுந்தது பின்னவர்மேல். 746 விமானங்களை ஒழுங்காக ஓட்டியவர்களால் ஒரு படிவத்தை ஓட்ட முடியவில்லையா என்று கேட்டார்கள். விமானத்துக்குத் திட்டம் மாதக்கணக்கில் போட்டிருந்தார்கள். படிவத்துக்கு அந்த அளவுக்குப் போடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

கூடவே மோசடிக்காரர்களும் வந்துவிட்டார்கள். "உங்கள் தாமஸ் குக் பணத்தை வாங்கித்தருகிறோம், அட்டை எண்ணைச் சொல்லுங்கள்" என்று அழைப்புகளும் குறுஞ்செய்திகளும். அரைகுறைத் தகவலோடு காத்திருப்பவர்தான் இதற்குச் சுலபமான இரை.

விமான டிக்கெட் மட்டும் வாங்கி, அட்டால் இல்லாதவர்களுக்கு வேறு வழி. கடன் அட்டையில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுவரை விலையுள்ள பொருளோ சேவையோ வாங்கினால், விற்றவரோடு அட்டை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு என்று 1974-ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு சொல்கிறது. அதை வைத்துப் பலர் பணம் பெற்றார்கள். டெபிட் அட்டைக்காரர்கள் வங்கி மூலம் திரும்பக் கோரலாம், ஆனால் அதற்குச் சட்ட உத்தரவாதம் இல்லை. ஒரே விமானத்துக்கு ஒரே விலை கொடுத்த இரண்டு பேரில் ஒருவருக்கு முழுப் பணம், இன்னொருவருக்கு இழுபறி. எந்த அட்டையைத் தேய்த்தார் என்பதுதான் வித்தியாசம்.

ஜெர்மனியில் கதை வேறு

ஜெர்மனியின் தாமஸ் குக் கிளை இரண்டு நாள் கழித்துத் திவால் மனு போட்டது. அங்கே காப்பீட்டு முறை. சட்டப்படி காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு ஆண்டுக்கு 11 கோடி யூரோ என்ற உச்சவரம்போடு இருந்தது. நஷ்டம் அதைத் தாண்டிவிட்டது. வாடிக்கையாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் கட்டியதில் ஒரு பகுதிதான் வரும். ஐரோப்பிய விதி முழுப் பாதுகாப்பு கேட்கிறதே, அரசு ஏன் இப்படி ஒரு வரம்பு வைத்தது என்று வாடிக்கையாளர்கள் அரசைக் குறிவைத்தார்கள். டிசம்பரில் ஜெர்மன் அரசே மிச்சத்தை ஈடுகட்டுவதாக அறிவித்தது. அதே அரசு, தாமஸ் குக் குழுமத்தைச் சேர்ந்த காண்டோர் விமான நிறுவனத்துக்கு 38 கோடி யூரோ இடைக்காலக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்து ஓடவைத்தது. அதனால் காண்டோர் பயணிகள் நடுவழியில் நிற்கவில்லை. பிரிட்டனில் இது பெரிய வாதமானது: அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று. காண்டோர் லாபத்தில் ஓடிய நிறுவனம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் வாதம் கொஞ்சம் தணிந்திருக்கும்.

இந்தியாவில்

அந்த வாரம் இங்கேயும் தொலைபேசி ஓயவில்லை. டாலர் மாற்றவும் டூர் போகவும் தாமஸ் குக் பலகை பார்த்துப் போனவர்களுக்குப் பீதி. ஆனால் தாமஸ் குக் இந்தியா 2012 முதலே கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் குழுமத்தின் கையில். பிரிட்டிஷ் நிறுவனத்தோடு உரிமைத் தொடர்பு இல்லை, பெயரைப் பயன்படுத்தும் உரிமை மட்டும். அதை அந்த நிறுவனம் பகிரங்கமாக விளக்க வேண்டியிருந்தது. விளக்கம் முதல் நாளிலேயே வந்தது, அதனால் பெரிய ஓட்டம் நடக்கவில்லை. பெயரை நம்பிப் போன கூட்டம் அதே பெயரால் மிரண்டது, வேடிக்கைதான்.

பின்விளைவுகள்

அக்டோபர் 9-ல், சண்டர்லாண்டைச் சேர்ந்த ஹேஸ் டிராவல் என்ற குடும்ப நிறுவனம் 555 கடைகளையும் வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. வேலை இழந்தவர்களில் பெரும்பகுதியினரை மறுபடி எடுத்தது. பழைய வாடிக்கையாளர் பலர் அதே முகத்தைத் தேடி அதே கடைக்குப் போனார்கள். ஆறு மாதத்துக்குள் கொரோனா வந்து அந்தக் கணக்கையும் குலைத்தது.

அக்டோபர் 15-ல் நாடாளுமன்றக் குழு முன் நிறுவனத்தின் முன்னாள் தலைமைச் செயல் அலுவலர் வருத்தம் தெரிவித்தார். வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் கேட்டது வருத்தத்தை அல்ல, நிர்வாகிகள் வாங்கிய போனஸ் திரும்பி வருமா என்பதை. அதற்குத் தெளிவான பதில் இல்லை. வரி செலுத்துவோருக்கு ஆன செலவு குறைந்தது 15.6 கோடி பவுண்ட் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2020 மார்ச்சில் கணக்கிட்டது. பெயரை ஃபோசுன் 1.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2020 செப்டம்பரில் கடை இல்லாத, விமானம் இல்லாத, இணையத்தில் மட்டும் விற்கும் நிறுவனமாக அது திரும்பி வந்தது.

மாற வேண்டியவை

இந்தச் சரிவுக்கு நான்கு மாதம் முன்பே, 2019 மே மாதம், விமான நிறுவனங்கள் திவாலாவது பற்றி அரசு அமைத்த குழு தன் அறிக்கையைக் கொடுத்துவிட்டது. மொனார்க் அனுபவத்திலிருந்து பிறந்த அறிக்கை அது. ஒவ்வொரு பயணியிடமும் 50 பென்ஸுக்கும் குறைவாக வாங்கி, டிக்கெட் மட்டும் வாங்கியவரையும் உள்ளே கொண்டுவருவது, விழும் விமான நிறுவனம் தன் விமானங்களாலேயே தன் பயணிகளைக் கொஞ்ச நாள் ஏற்றிவரும்படி சட்டத்தை மாற்றுவது என்று யோசனைகள் அதில் இருந்தன. தாமஸ் குக்கின் விமானங்கள் ஓடுபாதையோரம் சும்மா நிற்க, வெளிநாட்டு விமானங்களை வாடகைக்கு எடுத்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டாவது யோசனை புரியும். சரிவுக்குப் பின் அந்த ஆண்டு அரசின் சட்டமியற்றும் திட்டத்தில் அது இடம்பெற்றது. பிறகு கொரோனாவில் பின்னுக்குப் போனது.

வாடிக்கையாளர் கட்டிய பணத்தைப் பயணம் முடியும்வரை தனிக் கணக்கில் வைக்கச் சொல்லலாமா என்று 2021-ல் ஆணையம் கருத்துக் கேட்டது. பெரிய நிறுவனங்கள் தயங்குகின்றன, காரணம் முன்பு சொன்னதுதான்: அந்தப் பணத்தில்தான் அவை மூச்சுவிடுகின்றன. நான் கேட்டால், இந்த ஒன்றை மட்டுமாவது நிறைவேற்ற வேண்டும் என்பேன். படிவம் வேகமாக ஓடுவதும் தகவல் சீக்கிரம் வருவதும் நல்லதுதான். ஆனால் முன்பணம் முன்பணமாகவே இருந்திருந்தால் ஹம்மாமெத் ஓட்டல்காரருக்கு ஜூலை மாதப் பணம் நேரத்துக்குப் போயிருக்கும், கேட்டைப் பூட்ட அவருக்குக் காரணம் இருந்திருக்காது.